எரிந்துபோனதற்கு ஈடு கேட்கலாம்: வாசகர் கேள்விகளும் சட்ட பதில்களும்

மாசியில் கண்மாய்கள் வற்றத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் தீயைப் பற்றியவையே மிகுதி. காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருமயம் வட்டாரங்களில் காய்ந்த புல்லும் சீமைக் கருவேலமும் தைலமரச் சருகும் ஒரு பொறிக்காகக் காத்துக் கிடக்கின்ற மாதங்கள் அவை. நெஞ்சைத் தைத்தது ஒன்றுண்டு. கடிதம் எழுதியவர்களில் பலர் தங்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை என்று முடிவு செய்துவிட்டு, அதை உறுதிப்படுத்திக்கொள்ளவே எழுதியிருந்தார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் ஊரின் அடையாளங்களையும் தவிர்த்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. கல்லல் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. என் மனைவியின் பெயரில் பட்டா உள்ளது. பங்குனி மாதத்தில் ஒரு நண்பகல், காற்று பலமாக வீசியபோது, தோப்பின் மேலே தொய்ந்து கிடந்த மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் பொறி சிதறியது. காய்ந்த புல்லில் பற்றிய தீ அடுத்திருந்த கருவேலங்காட்டுக்குள் புகுந்து, காற்று திரும்பியதும் எங்கள் தோப்புக்கே மீண்டும் வந்தது. காய்க்கும் மாமரங்கள், வேலி, வைக்கோல் படப்பு, சொட்டுநீர்க் குழாய்கள், கொட்டிலில் கட்டியிருந்த கறவை மாடு எல்லாம் போயின. கம்பி தாழ்ந்திருப்பதை முன்பே எழுத்தில் கொடுத்திருந்தோம். இப்போது கேட்டால், காற்றடித்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். வருவாய்த் துறையில் கொடுக்கும் நிவாரணத்தை வாங்கிக்கொண்டால் அதோடு முடிந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: முடிந்துவிடாது. நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. பேரிடருக்கு ஆளானவர் உடனடியாக எழுந்து நிற்பதற்கு அரசு தரும் கைத்தாங்கல்தான் நிவாரணம். அதில் யார் தவறு செய்தார் என்ற கேள்வியே எழுவதில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் கீழ் உதவிக்குரிய பேரிடர்களின் பட்டியலில் தீயும் இருக்கிறது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறைப்படி, கறவை மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாயும், 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த பல்லாண்டுப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாயும், 2 ஹெக்டேர் என்ற வரம்புக்குள், வழங்க இடமுண்டு. இருபது ஆண்டுகள் வளர்த்த மாந்தோப்புக்கு இது எந்த வகையிலும் ஈடாகாது என்பது உங்களுக்குத் தெரியும். இழப்பீடு என்பதோ, தீக்குக் காரணமானவர் உங்கள் இழப்பின் உண்மையான மதிப்பைத் தர வேண்டும் என்று நீங்கள் உரிமையோடு கேட்பது. நிவாரணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அது இழப்பீட்டு வழக்கைத் தடுக்காது. ஆனால் 'இதற்கு மேல் எவரிடமும் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும், அதை யார் நீட்டினாலும், கையெழுத்திட வேண்டாம்.

அடுத்து, காற்றின் மேல் பழியைப் போடும் வாதம். மின்சாரம் போன்ற ஆபத்தான ஒன்றைக் கையாண்டு தொழில் நடத்துபவர், அதனால் பிறருக்கு விளையும் தீங்குக்குத் தாமே பொறுப்பு. தம் கவனக்குறைவை எதிர்த்தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச மின்சார வாரியம் எதிர் ஷைல் குமாரி என்ற வழக்கில் தெளிவாக எடுத்துரைத்தது. மழை இரவில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், சாலையில் தண்ணீருக்குள் கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்துபோன வழக்கு அது. யாரோ ஒருவர் மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக எடுக்கப் போட்ட கம்பி, எங்கள் மேல் குற்றமில்லை என்று வாரியம் வாதிட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அது உயிரிழப்பு வழக்கு, உங்களுடையது சொத்திழப்பு. எனினும் பொறுப்பு யாருடையது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. இயற்கையின் எதிர்பாராத செயல் என்ற எதிர்வாதம் இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு விதிவிலக்காக அனுமதிக்கப்படுவதுண்டு. ஆனால் பங்குனிக் காற்று ஆண்டுதோறும் வருவது. அதைத் தாங்கும்படி கம்பியை இழுத்துக் கட்டி வைப்பதுதான் பராமரிப்பு. எதிர்பாராதது என்று அதைச் சொல்ல எவராலும் இயலாது என்பதே என் கருத்து.

உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான ஆவணம், கம்பி தொய்ந்திருப்பதாக முன்பே கொடுத்த மனு. அதன் ஒப்புகை உங்களிடம் இல்லாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்து, அந்த மனுவின் நகலையும் அதன் மீது எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதே விண்ணப்பத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பலரும் தவறவிடுவது இதுதான். கம்பிகள் உரசினால், உங்கள் ஊருக்கு வரும் ஃபீடர், அதாவது மின்வழித்தடம், துணைமின் நிலையத்தில் பெரும்பாலும் 'டிரிப்' ஆகும், தானாகவே நின்றுவிடும். அந்த நேரம் அங்குள்ள பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்ன நேரமும், ஃபீடர் நின்ற நேரமும் சில நிமிட இடைவெளியில் அமைந்தால், தீ எங்கிருந்து தொடங்கியது என்பதற்கு அதைவிட நடுநிலையான சாட்சி வேறில்லை. அந்தப் பதிவேட்டின் அந்த நாளுக்குரிய பக்கத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.

மாடு இறந்திருப்பதால் இன்னொரு வழியும் திறக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவின்படி, மின்தடங்களால் நேர்ந்த விபத்தில் மனித உயிரோ விலங்கின் உயிரோ போனால், அதைப் பற்றி மின் நிறுவனம் மின் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும். அவர் விசாரித்து அறிக்கை தர முடியும். அறிவிப்பு அனுப்பப்பட்டதா என்று எழுதிக் கேளுங்கள். அனுப்பப்படவில்லையெனில் நீங்களே மின் ஆய்வாளருக்குப் பதிவு அஞ்சலில் எழுதுங்கள். கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று இதற்கும் நிவாரணத்துக்கும் சேர்த்தே பயன்படும்.

இவற்றோடு, காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கான ஏற்பு ரசீது, தீயணைப்புத் துறையின் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, மரங்கள் குறிக்கப்பட்டுள்ள அடங்கல் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களை அழிக்காமல், எடுத்த கருவியிலேயே வைத்திருங்கள். மின்னணுச் சான்றுகளுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலக் கருவி தேவைப்படும். மரங்களின் மதிப்பை விறகுக் கணக்கில் போட விடாதீர்கள். காய்க்கும் மாமரம் ஒன்றின் இழப்பு, ஆண்டு விளைச்சலின் வருமானம், அது இன்னும் காய்த்திருக்கக்கூடிய ஆண்டுகள், புதுக் கன்று நட்டு அது பலனுக்கு வரும்வரை ஆகும் செலவு ஆகிய மூன்றையும் கொண்டு கணக்கிடப்பட வேண்டியது. தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் மரத்தின் வயதும் விளைச்சலும் குறித்து மதிப்பீட்டுச் சான்று பெறுங்கள். முந்தைய ஆண்டுகளில் மாங்காய் குத்தகைக்கு விட்ட சீட்டோ, வியாபாரி கொடுத்த ரசீதோ இருந்தால் அது பொன்போன்றது.

எங்கே போவது? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம் என்று உங்களுக்குச் சிலர் சொல்லியிருப்பார்கள். தவறு யாருடையது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிற வழக்குகளில் அது பயன்படும். ஆனால் எதிர்த்தரப்பு காரணத்தையே மறுக்கும்போது, உண்மையைச் சாட்சிகள் மூலம் ஆராய வேண்டியிருப்பதால், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி சொல்லிவிட இடமுண்டு; ஒரிசா கிரிட் கழகம் எதிர் சுகாமணி தாஸ் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறே சொன்னது. எனவே உங்கள் நிலையில் உரிமையியல் வழக்கே உறுதியான வழி என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 8 இலட்ச ரூபாய் கேட்டால் 24,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். அதைக் கட்டவும் முடியாதவர்கள் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 33-ஆம் கட்டளையின்படி வறியவராக வழக்குத் தொடரலாம். உங்களுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. பட்டா உங்கள் மனைவியின் பெயரில் இருப்பதால் வாதி அவரே. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அவ்வாறே. அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்தின் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் அவர் நேரில் சென்று மனுக் கொடுக்கட்டும்.

காலக்கெடுவை மட்டும் நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய வழக்குக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். காலவரையறைச் சட்டம் 1963-இன் 113-ஆம் இனம் அதற்கு அடிப்படை. ஆனால் அதே சட்டத்தின் 72-ஆம் இனம், ஒரு சட்டத்தின் கீழ்ச் செய்த அல்லது செய்யத் தவறிய செயலுக்காக இழப்பீடு கேட்கும் வழக்குகளுக்கு ஓராண்டுதான் தருகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கையிலெடுத்து வாதிட இடமிருக்கிறது. ஆகவே ஓராண்டு என்றே வைத்துக்கொண்டு, தீப்பற்றிய நாளிலிருந்து எண்ணுங்கள். மின்கம்பிக்குப் பதிலாக அரசின் வனத் தோட்டத்திலிருந்து தீ வந்திருந்தால், அரசின் மீது வழக்குத் தொடரும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு அனுப்ப வேண்டியிருப்பதால், அந்தக் கணக்கையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கடைசியாக, வழக்கை நடத்தித் தந்து கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதாக எவரேனும் வந்து பேசினால் ஒதுங்கிவிடுங்கள். வழக்கின் பலனில் பங்கு என்ற அடிப்படையில் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. தடையை மீறி அப்படிப் பேசுபவர், பின்னர் உங்களிடமும் நேர்மையாக நடப்பார் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: அடுத்த வயல்காரர் வெட்டிப் போட்ட கருவேலத்தை எரித்தபோது தீ பரவி என் முந்திரிக் கன்றுகளும் கம்பி வேலியும் கருகிவிட்டன. ஆளை வைத்துத்தான் எரிக்கச் சொன்னேன், நான் ஊரிலேயே இல்லை என்கிறார். அவர் எனக்கு மாமன் முறை. காவல் நிலையம் வரை போக மனம் இல்லை.

பதில்: ஊரில் இல்லாதது அவரைக் காப்பாற்றாது. தம் நிலத்தில் தம் வேலைக்காக மூட்டச் சொன்ன தீ வரப்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நிலத்துக்கு உரியவரின் கடமை. கோடையில் சருகுக்கு நடுவே எரிப்பது எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்திருந்தும் எரிக்கச் சொன்னவர், கூலிக்கு வந்தவர் மேல் பொறுப்பைத் தள்ள முடியாது. தீயைக் கவனக்குறைவாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 287-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றமும் ஆகும். ஆனால் உங்களுக்கு வேண்டியது தண்டனை அல்ல என்பதால், வட்டச் சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்றைக் கொடுங்கள். இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிப்பார்கள்; கட்டணம் இல்லை, மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிப்பதாக இருந்தாலும், தொகையையும் தவணைத் தேதிகளையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உறவு கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்து தேவை என்று சொல்வேன்.

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு ஏழு புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே இருக்கும்; முன்னோரை வழிபடும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் கூடுவோம். பின்வாசலுக்கு அப்பால் இருந்த புதர்க்காட்டில் பற்றிய தீ அடுப்படிக் கட்டுக்குள் புகுந்து, மேற்கூரையின் தேக்கு உத்திரங்களையும் இரண்டாம் கட்டின் ஒரு பகுதியையும் எரித்துவிட்டது. என் கணவர் பெயரில் தீக் காப்பீடு இருந்தது. வீடு ஆளில்லாமல் இருந்தது என்றும், குறைந்த மதிப்புக்குக் காப்பீடு செய்திருந்தீர்கள் என்றும் சொல்லி, கேட்டதில் சிறு பகுதியை மட்டும் தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. — சென்னையிலிருந்து ஓர் ஆச்சி

பதில்: ஆச்சி, முதலில் பத்திரத்தை எடுத்து அது எந்த வகை என்று பாருங்கள். உங்கள் வழக்கு பெரும்பாலும் அதையே பொறுத்தது. பழைய வகைத் தீக் காப்பீட்டுப் பத்திரங்களில், கட்டடம் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளின்றி இருந்தால், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முன்கூட்டியே பெற்றிருந்தாலன்றிக் காப்பு நின்றுபோகும் என்ற நிபந்தனை உண்டு. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு இதைவிடக் கொடிய நிபந்தனை வேறில்லை. அதைப் படித்துப் பார்த்துப் பத்திரம் எடுத்தவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆனாலும் வாதிட இடமில்லாமல் இல்லை. வீட்டைக் காவல் பார்க்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால், அவர் அங்கேயே தங்கியிருந்தால், வீடு ஆளற்றது அல்ல என்று காட்டலாம். பூட்டிய வீடு என்று தெரிந்தே முகவர் பத்திரம் எடுத்துக் கொடுத்தார், நிறுவனமும் ஆண்டுதோறும் பிரீமியம் பெற்றுக்கொண்டது என்பதை முன்மொழிவுப் படிவத்தைக் கொண்டு நிறுவ முடிந்தால் அது நல்ல வாதம். படிவத்தின் நகலை நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள்.

குறைந்த மதிப்புக் காப்பீடு என்பது இப்படி இயங்குகிறது. வீட்டின் மதிப்பு 80 இலட்சம் இருக்கையில் 40 இலட்சத்துக்கே காப்பீடு செய்திருந்தால், 10 இலட்ச ரூபாய்ச் சேதத்துக்கு 5 இலட்சம்தான் தருவார்கள். மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்பது அதன் பொருள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டில் இந்தக் கழிவு கிடையாது. புதர்த் தீயும் காட்டுத் தீயும் அதில் காப்புக்குள் வருகின்றன. உங்கள் பத்திரம் அந்த வகையாக இருந்து, அதன் பின்னும் மதிப்புக் குறைவைக் காரணம் காட்டியிருந்தால், அந்த மறுப்பு நிற்காது.

இருப்பினும் அந்தப் பத்திரத்திலும் நம் வீடுகளுக்கு ஒரு குறை உண்டு. தளப் பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கித்தான் காப்புத் தொகையை நிர்ணயிக்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களும், செதுக்கிய நிலைக்கதவும், முட்டைச் சாந்துப் பூச்சும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் எந்தச் சதுர அடிக் கணக்கிலும் அடங்குவதில்லை. வெள்ளிச் சாமான்கள், பழைய ஓவியங்கள், அரும்பொருள்கள் போன்றவற்றுக்குத் தனியாக, ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்பு எடுத்திருக்க வேண்டும். இது உங்களுக்கு இப்போது உதவாது என்றாலும், இதைப் படிக்கும் மற்ற வீட்டாருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மதிப்பீட்டாளரின் அறிக்கை நகலைக் கேட்டுப் பெறுங்கள். அதில் உத்திரங்களுக்கு வயதைக் காட்டித் தேய்மானம் கழித்திருந்தால், நூறாண்டுத் தேக்கு வயதால் மதிப்பிழப்பதில்லை என்பதற்கு, மரபு வீடுகளைப் பழுதுபார்க்கும் அனுபவமுள்ள பொறியாளரிடம் தனி மதிப்பீடு வாங்குங்கள். எரிந்த மரத்தைப் பழைய சாமான் வியாபாரிகளுக்கு இப்போதே விற்றுவிட வேண்டாம். கணக்கு முடியும்வரை அது சான்று. அதன்பின் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, ஒரு மாதத்துக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 50 இலட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அல்லது நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம், இரண்டாண்டு அவகாசம் உண்டு. எந்த ஆணையத்துக்குப் போவது என்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தைப் பொறுத்தது, கேட்கும் தொகையைப் பொறுத்ததல்ல. ஆகவே மாவட்ட ஆணையத்திலேயே முடியும். இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் ஒரே நேரத்தில் பற்ற முடியும். தரும் தொகையை வாங்கும்போது 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்ற சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். எதிர்ப்புத் தெரிவித்துப் பெறுவதாக எழுதியே கையெழுத்திடுங்கள். அத்தகைய சீட்டைக் காட்டிக் கூடுதல் தொகை கேட்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

பங்காளிகளைப் பற்றி ஒரு சொல். பத்திரம் உங்கள் கணவர் பெயரில் மட்டும் இருப்பதால், அவருடைய பங்கின் அளவுக்கே தருவோம் என்ற வாதம் அடுத்து வரக்கூடும். ஏழு புள்ளிகளின் நலனுக்காகவும் சேர்த்தே அவர் காப்பீடு செய்தார், பிரீமியத்தை எல்லோரும் பகிர்ந்தார்கள் என்பதற்கு வரவு செலவுக் கணக்கேடோ வங்கிப் பரிமாற்றமோ இருந்தால் இப்போதே தேடி எடுத்து, அனைவரும் கையெழுத்திட்ட இசைவுக் கடிதத்தோடு வையுங்கள்.

கேள்வி: என் மகளும் மருமகனும் கலிபோர்னியாவின் ஆல்டடீனாவில் வீடு வாங்கிக் குடியிருந்தார்கள். 2025 ஜனவரித் தீயில் வீடு முழுவதும் போய்விட்டது. திருமண நகைகளில் ஒரு பகுதியும் சாமான்களும் அதில் அடக்கம். மின் நிறுவனத்தின் மீது வழக்கு நடப்பதாகச் சொல்கிறார்கள். காரைக்குடியிலிருந்து நான் என்ன செய்ய முடியும்? — ஒரு தந்தை

பதில்: அந்நாட்டு வழக்கை அந்நாட்டு வழக்கறிஞர்தான் நடத்த முடியும் என்பதால், நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் சொல்கிறேன். 2025 ஜனவரி 7 மாலை தொடங்கிய ஈட்டன் தீ 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. கலிபோர்னியாவில் மின் நிறுவனத்தின் கருவிகளால் தீ மூண்டது என்று நிறுவப்பட்டால், அதன் கவனக்குறைவை நிரூபிக்காமலேயே சொத்திழப்புக்கு ஈடு கேட்க முடியும். பொதுப் பயனுக்காக இயங்கும் அமைப்பு ஒருவருடைய சொத்தை அழித்தால், அதை எடுத்துக்கொண்டதாகவே கருதி ஈடு தர வேண்டும் என்பது அங்குள்ள கோட்பாடு. 2018 நவம்பர் 8-இல் பாரடைஸ் என்ற ஊரை அழித்து 85 பேரைப் பலிகொண்ட தீயில், மிகப் பழைய மின்கோபுரத்தின் கொக்கி தேய்ந்து முறிந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்தக் கோபுரத்துக்குரிய மின் நிறுவனமான பிஜி அண்ட் ஈ திவால் நடவடிக்கைக்குப் போய், பாதிக்கப்பட்டோருக்கென 1,350 கோடி டாலர் மதிப்பில், பாதி பணமும் பாதி தன் பங்குகளுமாக, ஓர் அறக்கட்டளையை அமைத்தது. பங்கு விலையைச் சார்ந்திருந்ததால் பலருக்குத் தீர்மானித்த தொகை முழுவதும் கைக்கு வரவில்லை.

அங்கே சொத்திழப்புக்கு மூன்றாண்டு, உடல் காயத்துக்கு இரண்டாண்டு என்று காலவரையறை. அரசு அமைப்புகளின் மீது கோருவதாக இருந்தால், வீட்டுச் சாமான்களுக்கு ஆறு மாதமும் கட்டடத்துக்கு ஓராண்டுமே அவகாசம். நம் நாட்டைப் போலன்றி, வெற்றி பெற்றால் மட்டும் கிடைப்பதில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறுவது அங்கே சட்டப்படி செல்லும். எனவே விழுக்காடு எவ்வளவு, வழக்குச் செலவு அதற்கு முன்பா பின்பா கழிக்கப்படும் என்பதை எழுத்தில் பார்த்த பின்பே உங்கள் மகள் கையெழுத்திட வேண்டும். அப்பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனம், வழக்கின்றியே நேரடியாக ஈடு பெறும் ஒரு திட்டத்தையும் 2025 ஜூலையில் அறிவித்தது. அத்தகைய திட்டத்தில் தொகையை ஏற்பவர் வழக்குரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் ஏற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக் காப்பீட்டில் கிடைத்ததைக் கழித்த பிறகு எஞ்சும் இழப்பையே வழக்கில் கேட்க முடியும்.

இனி, காரைக்குடியிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது. அது சிறிய உதவி அல்ல. வீட்டுக்குள் என்னென்ன இருந்தன என்ற பட்டியலைத் தயாரிப்பதுதான் எரிந்த வீட்டாருக்கு மிகவும் கடினமான வேலை. அங்கிருந்த ரசீதுகளும் அதே தீயில் போயிருக்கும். ஆனால் மகளுக்குத் திருமணத்தின்போது நீங்கள் எழுதிய சாமான் பட்டியல் உங்கள் பெட்டகத்தில் இருக்கும். நகைக் கடை ரசீதுகள், வெள்ளிச் சாமான் எடைச் சீட்டு, சாமான் பரப்பி வைத்து எடுத்த நிழற்படங்கள், திருமண வீடியோ ஆகியவை எல்லாம் காரைக்குடியிலேயே இருக்கின்றன. அவற்றில் அவர்கள் எடுத்துச் சென்றவை எவை என்று மகளோடு பேசிக் குறித்து, ஒவ்வொன்றையும் வருடி மின்னஞ்சலில் அனுப்புங்கள். தமிழ்ப் பட்டியலுக்குச் சான்றுறுதி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கலாம். மூலத் தாள்களை அனுப்பாதீர்கள். இங்கே நீங்கள் தூக்கிப் போடாமல் காத்து வைத்திருக்கும் தாள்களே அங்கே அவர்களுடைய சான்றுகள்.

கேள்வி: குத்தகைக்கு எடுத்து உழும் நிலத்தில் கடலையும் துவரையும் எரிந்துவிட்டன. பட்டா என் பெயரில் இல்லாததால் எனக்கு ஒன்றும் கிடையாது என்கிறார்கள்.

பதில்: பயிர் பயிரிட்டவருடையது. நிலம் யார் பெயரில் இருந்தாலும், எரிந்த விளைச்சலுக்கு ஈடு கேட்கும் உரிமை உங்களுக்கே உண்டு. அடங்கலில் பயிரிடுபவராக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். இல்லையென்றால் குத்தகைச் சீட்டு, குத்தகை நெல்லோ பணமோ கொடுத்ததற்கான ரசீது, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடன், விதையும் உரமும் வாங்கிய பில்கள் ஆகியவற்றை இணைத்து வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நிலத்துக்காரர் உங்கள் பெயரில் நிவாரணம் வழங்க ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தந்தால் வேலை விரைவாக முடியும். அவர் மறுத்தால், தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969-இன் கீழ் உங்கள் குத்தகையைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். பேசும்போது தீப்பற்றிய தேதியை முதலில் சொல்லுங்கள்.